கடலிலிருந்து வரும் எருது

பிரெஞ்சு இசையமைப்பாளர் தாரியுஸ் மியோ 1927இல் கிரேக்கத் தொன்மங்களை வைத்து மூன்று குட்டி ஆப்பெராக்கள் எழுதினார். மூன்றும் சேர்ந்தே அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அவற்றில் கடைசியில் வரும் ஹிப்போலிட்டஸின் கதையை யூரிப்பிடீஸ் கி.மு. 428இலேயே நாடகமாக்கிவிட்டார். சிற்றன்னை சுமத்திய பொய்ப்பழியை நம்பித் தகப்பன் சபிக்க, அலையிலிருந்து எருது கிளம்பி மகனின் சாவுக்குக் காரணமாகிறது. மியோவின் இந்தக் குட்டி ஆப்பெராவை வடசென்னையின் விம்கோ நகரில் மேடையேற்ற வேண்டும், அதுவும் தமிழில். ஒரு கல்யாண மண்டபம் போதும். கடலை நம்பியும் அஞ்சியும் வாழும் எண்ணூர், திருவொற்றியூர்க் குப்பங்களுக்கு அந்த எருதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கிரேக்க நாடகமான ஆன்டிகனியைத் தமிழில் ‘துர்க்கிர அவலம்’ ஆக்கி நாடகக் கலைஞர் மு. இராமசுவாமி எப்போதோ வழிகாட்டிவிட்டார். 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோவும் ஓடுகிறது. நகர நடுவிலுள்ள நுங்கம்பாக்கத்து ரசிகர்கள் இம்முறை வடக்கே வரட்டும்.