பெரிய பேட்டரி = பெரிய சத்தமா? யார் சொன்னது?

தாராவி 90 அடி ரோட்டிலிருந்து செம்பூர் வரைக்கும் நம்ம பசங்க நடுவில் ஒரு மூடநம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. காரில் ஸ்டீரியோ அதிர வேண்டுமா, பெரிய பேட்டரி போடு! கடைக்காரரும் அதையேதான் சொல்கிறார். அவர் சொல்லத்தான் செய்வார், விற்பது அவர்தானே.

நான் படித்தது பி.காம். பார்ப்பது வங்கி உத்தியோகம். மின்சாரம் எனக்குப் பாடமில்லை, ஆனால் வரவு செலவு தெரியும். காரின் மின்சாரமும் வரவு செலவுதான் மக்களே.

இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தருவது பேட்டரி இல்லை, ஆல்டர்னேட்டர். அதுதான் சம்பளம். பேட்டரி சேமிப்புக் கணக்கு. வண்டியை ஸ்டார்ட் செய்ய சில வினாடி பெரிய தொகை எடுத்துக் கொடுக்கும், பிறகு சம்பளத்திலிருந்து அந்தப் பள்ளம் நிரம்பும். சம்பளம் உயராமல் கணக்கை மட்டும் பெரிதாக்கினால் பணக்காரன் ஆகிவிட முடியுமா?

கணக்கே போட்டுப் பார்ப்போம். 1000 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர் (அட்டையில் அச்சடித்த வாட்ஸ் இல்லை, நிஜ ஆர்.எம்.எஸ்.), 80 சதவீதத் திறன், 13.8 வோல்ட். உச்சத்தில் சுமார் 90 ஆம்பியர் இழுக்கும். பாட்டு எந்நேரமும் உச்சத்தில் இருக்காது, சராசரி மூன்றில் ஒரு பங்கு, 30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மழைக்கால ராத்திரியில் ஹெட்லைட், வைப்பர், ஏசி, ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் சேர்த்து இன்னொரு 30. ஆக 60.

வரவு? 70 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் என்றால் அந்த 70 இன்ஜின் வேகமாகச் சுற்றும்போதுதான். சயான் சர்க்கிள் நெரிசலில் ஐடிலில் நிற்கும்போது பாதி வந்தால் பெரிசு. 35. பற்றாக்குறை 25 ஆம்பியர். சின்னக் காரின் 35 ஏ.எச். பேட்டரி காகிதக் கணக்கில் 84 நிமிடம் தாங்கும். மறுபடி ஸ்டார்ட் செய்ய மிச்சம் வேண்டுமே, அதனால் நிஜத்தில் அதில் பாதிகூட இல்லை.

"அப்ப 65 ஏ.எச். போடலாம்ல சார்?" போடலாம். காகிதத்தில் 156 நிமிடம். ஆனால் பற்றாக்குறை அதே 25தான். காலியான பெரிய பேட்டரியை நிரப்பப் போவதும் அதே ஆல்டர்னேட்டர்தான். சம்பளம் ஏறாதவருக்கு ஓவர்டிராஃப்ட் லிமிட்டை ஏற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று என் மேஜையில் தினமும் பார்க்கிறேன். மூழ்குவது நிற்காது, தள்ளிப்போகும், அவ்வளவே.

அதனால் பணத்தை எடுக்குமுன் இதைச் செய்யுங்கள்:

1. இன்ஜின், ஏசி, பாட்டு எல்லாவற்றையும் ஓடவிட்டு பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். 13.5க்கு மேல் நின்றால் பேட்டரி மாற்றத் தேவையே இல்லை. 12.6க்குக் கீழே இறங்கினால் சேமிப்பைத் தின்கிறீர்கள். அதற்கு மருந்து ஆல்டர்னேட்டர், இல்லையென்றால் சின்ன ஆம்ப்.

2. தடிமனான செம்பு ஒயர், நல்ல எர்த், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ். ஃப்யூஸ் இல்லாத ஒயர் உரசி ஷார்ட் ஆனால் வண்டி தீப்பிடிக்கும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

3. பேட்டரி நிஜமாகவே செத்திருந்தால் தயாரிப்பாளர் சொன்ன அளவு, தட்டில் உட்காரும் சைஸ், புதிய தயாரிப்புத் தேதி. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் காரில் வைப்பது கிறுக்குத்தனம்.

4. பழையதைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும்.

இனி சத்தத்துக்கு வருகிறேன். என் கோபமே அங்கேதான்.

வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு 'லேசா கூடியிருக்கோ' என்று தோன்றும். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். ஆனால் காது சேதத்துக்கு அந்த 3 டெசிபலே பெரிய விஷயம். அமெரிக்காவின் நியாஷ் நிறுவனத்தின் அளவுகோல் 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்! கடன் வாங்கி, கேட்டும் கேட்காத 3 டெசிபலை வாங்கி, காதின் ஆயுளைப் பாதியாக்குவதற்கு என்ன பெயர்?

அது உங்கள் காது, போகட்டும். பக்கத்து வீட்டுக் காது? 2000ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தனியார் ஒலி சாதனத்தின் சத்தம் அவர்கள் இடத்தின் எல்லையில் அந்தப் பகுதி அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்றது.

"கணபதிக்கு அவங்க போடறாங்களே, தமிழன் போட்டா மட்டும் குத்தமா?" என்பார்கள். பண்டிகைக்கு வருடத்தில் 15 நாள் வரை நள்ளிரவு 12 மணி வரை தளர்வு தர விதி இருக்கிறது, அதுவும் மாநில அரசு அறிவித்தால்தான். உங்கள் கார் பண்டிகை இல்லை. அடுத்தவன் தப்பு நமக்கு லைசென்ஸும் இல்லை. பத்துக்குப் பத்து அறையில் பத்தாவது பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், சயான் ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுப் படுத்திருக்கும் நர்ஸம்மாவும் நம்ம ஊர்க்காரர்களாகவே இருக்கலாம்.

நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அளவாக வைத்துக் கேளுங்கள். இளையராஜாவின் பேஸ் கிட்டார் கேட்க 65 ஏ.எச். தேவையில்லை :-)

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு "பேட்டரிக்குப் பெர்சனல் லோன் கிடைக்குமா சார்" என்று கேட்டு யாரும் கிளைக்கு வர வேண்டாம்.