நெம்புகோல் யார் கையில்?

ஆட்டிசம் கொண்ட டெம்பிள் கிராண்டின், சிறுவயதில் அணைப்புக்கு ஏங்கினார். யாரேனும் அணைத்தாலோ அவரால் தாங்க முடியவில்லை. பதின்வயதில், அரிசோனாவில் உறவினரின் பண்ணையொன்றில், ஊசி போடுவதற்காக மாடுகளை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கூண்டைக் கண்டார். அந்த அழுத்தத்தில் சில மாடுகள் அமைதியடைந்தன. தமக்கும் அத்தகையதொரு கருவியை அவரே செய்துகொண்டார். பின்னாளில் கால்நடை அறிவியல் பேராசிரியரும் ஆனார்.

இக்கதையில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்றே: அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவுமான நெம்புகோல் அவர் கையில் இருந்தது.

நம் வீடுகளிலும் மிக்ஸி இரைச்சலுக்குக் காதைப் பொத்தி அலறும் குழந்தைகள் உண்டு. அடம் என்று அதட்டிய காலம் மாறி, ஊஞ்சல், மணல், கனமான பை என வேளை வகுத்துப் பயிற்சியளிக்கிறோம். அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ் 1972இல் வெளியிட்ட நூல் இம்முறைக்கு அடித்தளமிட்டவற்றுள் ஒன்று. ஆனால் இதற்கான சான்றுகள் குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்லவேண்டுமென 2012இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவுறுத்தியது.

ஆகவே அட்டவணையை வேதமாக்க வேண்டாம். திருமண மண்டபத்துக்குக் கிளம்புமுன் பத்து நிமிடம் சுவரைத் தள்ளி விளையாடுவது உதவுகிறதா? தொடரலாம். இல்லையெனில் மாற்றலாம். குழந்தை போதும் என்றால் ஊஞ்சலை நிறுத்தியாக வேண்டும். பேச்சு வராத பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதுவும் போதும் என்ற சொல்தான். அதைக் கேளாத பயிற்சி, பழைய அதட்டலின் மறுவடிவமே.