மூன்று படியும் பஞ்சப்படியும்

"ஒரு படி அரிசிக்கு நாட்டையே விற்றுவிட்டார்கள், ஐயா!" என்று 1967ஆம் வருஷத்துத் தேர்தலைப் பற்றி இன்றைக்கும் அங்கலாய்க்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர். பஞ்சப்படி உயர்வு ஒரு மாதம் தள்ளிப்போனால் சர்க்காரைச் சபிக்கிறவர். அவர் பஞ்சப்படி கேட்டால் உரிமை; கூலிக்காரி ரூபாய்க்கு மூன்று படி கேட்டால் மட்டும் மடமையா?

கணக்கைப் பார்ப்போம். 1962இல் சென்னை ராஜ்யத்தில் காங்கிரஸுக்கு நூற்றுக்கு 46 வோட்டு. சட்டசபையின் 206 இடங்களில் 139 கிடைத்தன. 1967இல் வோட்டு 41. இடங்களோ 234இல் ஐம்பதை ஒட்டித்தான். ஐந்து வோட்டுக் குறைந்ததற்கா இவ்வளவு பெரிய வீழ்ச்சி?

அதனால் மட்டும் அல்ல. 1962இல் எதிர்க்கட்சிகள் பல தொகுதிகளில் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டன. பாதிப் பேருக்கு மேல் வோட்டுப் போடாத கட்சி நிம்மதியாக ஆண்டது. 1967இல் தி.மு.க.வும் சுதந்திராவும் மார்க்சிஸ்டுகளும் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அரிசிப் பஞ்சமும் 1965ஆம் வருஷத்து ஹிந்தி எதிர்ப்பும் மூட்டிய கோபம், சிதறாமல் ஒரே அபேட்சகருக்குப் போய்ச் சேர்ந்தது. விருதுநகரில் காமராஜரே தோற்றார்.

எதிரிகள் பிரிந்து நின்றதால் பெருகிய வெற்றி ஜனங்களின் விவேகமாம். சேர்ந்து நின்றதால் வந்த தோல்வி ஜனங்களின் மடமையாம்! என்ன நியாயம் இது?

"அப்படியானால் மூன்றாவது ஆள் வோட்டைப் பிரிக்கிறவன்தானே?" என்று நண்பர் மடக்குவார். பிரிப்பதற்கு அது யார் வீட்டுப் பிதிரார்ஜிதம்? இருவரும் வேண்டாம் என்று சொல்ல ஒருவனுக்கு உரிமை இல்லையா? பாதிப் பேருக்கு மேல் நிராகரித்தாலும், மற்றவர்களைவிட ஒரு வோட்டு அதிகம் வாங்கினவர் ஜெயித்தவர் என்பது நம் சட்டம். குறை சொல்வதானால் அதைச் சொல்லுங்கள்.

வயிறு கோபத்தைக் கொடுக்கிறது. அந்தக் கோபம் ஆட்சியை மாற்றுமா, வீணாய்ப் போகுமா என்பதைப் பெரும்பாலும் களத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது முடிவு செய்கிறது. வந்த புதிய சர்க்காரும் மூன்று படி போடவில்லை. சென்னையிலும் கோவையிலும் ஒரு படிதான் போட்டது. அந்தக் கணக்கையும் கேட்க அவளுக்கு உரிமை உண்டு.

அரிசி விலையைப் பார்த்து வோட்டுப் போடுகிறவள் நாட்டை விற்கவில்லை. உலை வைக்கிறவளுக்கு நாடு முதலில் தெரிவது அடுப்படியில்தான். நண்பருக்கு அது சம்பளப் பட்டியலில் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.