முற்றத்திலிருந்து முனைவர் பட்டம் வரை

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் முன்னோர் கேட்டு வைத்தனர். வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளவே அப்பழமொழியை நாம் எடுத்தாளுகிறோம். சற்று எண்ணிப் பார்த்தால், அது பிள்ளையை நோக்கிய கேள்வியன்று, பெரியவரை நோக்கிய கேள்வி என்பது விளங்கும். ஐந்து வயதில் அக்கொம்பைத் தொட்ட கை எத்தகையது? அந்தக் கைக்கு நாடு என்ன கற்பித்தது, என்ன கூலி கொடுத்தது, என்ன மதிப்பு அளித்தது? இன்று நான் எழுப்ப விரும்பும் வினா இதுவே.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில, மழலைக் கல்வியின் தலைமைக்கும் சமநீதிக்கும் என்றே டாக்டர் பட்ட வகுப்புகளை இணைய வழியே நடத்துகின்றன. வீட்டில் இருந்தபடியே படிக்கலாம். வேலையை விட வேண்டியதில்லை. இச்செய்தியைக் கேட்டதும் மாணவரிடையே இரண்டு குரல்கள் எழக்கூடும். "அ, ஆ சொல்லிக் கொடுக்க டாக்டர் பட்டமா?" என்று நகைக்கும் ஒரு குரல். "பணம் கட்டினால் பட்டம் வீட்டுக்கே வருமாமே!" என்று வியக்கும் மற்றொரு குரல். இரண்டும் பிழை என்பதே என் கருத்து.

முதற் குரலுக்கு வரலாறே விடை சொல்லும். மரியா மாண்டிசோரி அம்மையார் மருத்துவம் கற்றவர். குழந்தை எவ்வாறு கற்கிறது என்பதை அறிவியல் கண்ணால் உற்று நோக்கியவர். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளோடு அம்முறை நின்றுவிடலாகாது என்று கருதிய தாராபாய் மோடக் அம்மையாரும் அனுதாய் வாக் அம்மையாரும், மராட்டிய நாட்டுச் சிற்றூராகிய போர்டியில் ஏழைப் பிள்ளைகளின் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டு சென்றனர். அங்கன்வாடி என்ற பெயரில் உள்ள 'அங்கன்' என்பதன் பொருள் முற்றம்தான். பின்னர், தமிழ் எழுத்தாளர் கிருத்திகாவின் மகளான மீனா சுவாமிநாதன் அம்மையார் தலைமை தாங்கிய ஆய்வுக்குழு, பள்ளி செல்லுமுன் உள்ள பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்து 1972இல் அறிக்கை தந்தது. அந்த அடித்தளத்தின் மீது 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கிற்று. கேரளத்தில் அது முதலில் வேரூன்றிய இடம் மலப்புறம் மாவட்டத்து வேங்ஙரை. இன்று இம்மாநிலத்தில் மட்டும் 33,000க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. ஆராய்ச்சி இல்லாமல் இவை வானத்திலிருந்து விழுந்தனவா?

கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல், வறுமைப்பட்ட கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் 123 பேரை வைத்துப் பெரி ஆய்வு என்னும் ஆய்வு தொடங்கப்பெற்றது. ஒரு பகுதியினருக்கு நல்ல மழலைக் கல்வி அளித்தனர். மறு பகுதியினருக்கு அளிக்கவில்லை. இரு சாராரையும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்து பார்த்தனர். கற்ற பிள்ளைகள் பிற்காலத்தில் கூடுதலாகச் சம்பாதித்தனர். குறைவாகவே குற்ற வழக்குகளில் சிக்கினர். நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் இக்கணக்கை ஆராய்ந்து, மழலைக்குச் செலவிடும் பணம் பன்மடங்காய்த் திரும்பும் என்று காட்டினார். அ, ஆ சொல்லிக் கொடுப்பது எளிய வேலை என்பார் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

இனி இரண்டாம் குரல். நண்பர்களே, இங்கே எச்சரிக்கை வேண்டும். நம் நாட்டில் இணைய வழியாகவோ தொலைநிலை வழியாகவோ டாக்டர் பட்டம் வழங்குவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு இசைவு தரவில்லை. வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து சில வணிகக் கும்பினிகள் விற்கும் இணையவழி டாக்டர் பட்டங்கள் ஏற்கப்படமாட்டா என்று அக்குழு 2022 அக்டோபரில் வெளிப்படையாகவே அறிவித்தது. விளம்பரத்தைக் கண்டு கடன் வாங்கிப் பணம் கட்டுவோர், நாளை விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும் போதுதான் தாம் வாங்கியது வெறுந்தாள் என்பதை உணர்வர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இந்தச் சுரைக்காயோ ஏட்டிலும் ஏறாது!

ஆனால் தடை போட்டதோடு கடமை முடிந்ததா? இல்லை என்கிறேன். மழலைக் கல்விக்குத் தலைமை தாங்க இன்று யாருக்கு வாய்ப்பு இருக்கிறது என்று பாருங்கள். பட்டம் பெற்றவருக்கு முற்றம் தெரியாது. முற்றம் அறிந்தவருக்குப் பட்டம் எட்டாது. அங்கன்வாடி ஆசிரியை காலையில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார்த்தி வைக்கிறார். பாட்டும் கதையும் சொல்கிறார். உணவூட்டுகிறார். எடை பார்க்கிறார். கருவுற்ற தாய்மாரின் வீடு தேடிச் செல்கிறார். 2021 முதல் எல்லாவற்றையும் 'போஷன் டிராக்கர்' என்னும் கைபேசிக் கணக்கிலும் ஏற்ற வேண்டியிருக்கிறது. இவ்வளவு செய்பவருக்கு அரசு தருவது சம்பளமன்று, 'மதிப்பூதியம்'. மத்திய அரசு இதனை 2018 அக்டோபரில் உயர்த்திய போது அது மாதம் 4,500 ரூபாய். மாநில அரசு அதன் மேல் தன் பங்கைச் சேர்க்கிறது. பணிக்கொடை பெறும் உரிமை இவர்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 வரை காத்திருக்க நேர்ந்தது. 2025 மார்ச்சில் இதே திருவனந்தபுரத்தில், தலைமைச் செயலகத்தின் வாயிலில் அவர்கள் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அத்தகையோர் வேலையை விட்டு மூன்று ஆண்டு பல்கலைக்கழகத்தில் வந்து தங்கிப் படிக்க இயலுமா? நமக்கு இணையவழிக் கல்வி ஒரு வசதி. அவர்களுக்கோ அது ஆற்றைக் கடக்கும் பாலம்.

சமநீதி என்பது ஊதியத்தோடும் நிற்பதில்லை. மொழியிலும் அது இருக்கிறது. கேரள அரசு வயநாட்டில் 2017இல் 'கோத்ரபந்து' என்னும் திட்டத்தின் வழியே, பழங்குடி மக்களிலிருந்தே வழிகாட்டி ஆசிரியர்களைத் தொடக்கப் பள்ளிகளில் அமர்த்திற்று. வீட்டுப் பேச்சு வகுப்பில் கேட்காத குழந்தை மெல்ல மெல்லப் பள்ளியை விட்டு விலகுகிறது என்ற உண்மையை உணர்ந்து செய்த நற்செயல் அது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்திலும், நமக்கு அருகே சாலைத் தெருவிலும் கரமனையிலும் தமிழ் பேசும் வீடுகள் உள்ளன. தாயிடம் தமிழ் பேசிவிட்டு மலையாள முற்றத்தில் அடியெடுத்து வைக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த முதல் மாதங்கள் எப்படிக் கழிகின்றன? மலையாளம் நமக்கு உடன்பிறந்த மொழி. அதைக் கற்பதில் நமக்கு மனக்குறை இல்லை. ஆயினும் 2020இன் தேசியக் கல்விக் கொள்கையே வீட்டு மொழியைத் தொடக்கக் கல்விக்கு உரியதாகப் பேசும் போது, இக்குழந்தைகளின் அனுபவத்தை ஆராய்வது யார் கடமை? தமிழும் மலையாளமும் அறிந்த நம்மை விட அதற்குத் தகுதியுடையார் யார்?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, உள்ள சட்டத்துக்குள்ளேயே வழி தேடுவோம். 2022 நவம்பரில் வந்த விதிகள் பகுதிநேர டாக்டர் ஆராய்ச்சியை ஏற்கின்றன. பெண்களுக்கு இரண்டு ஆண்டு கூடுதல் காலம் தருகின்றன. மானியக் குழு ஏற்ற இணையவழிப் பாடங்களைப் பாடநெறியில் சேர்த்துக்கொள்ளவும் இடம் தருகின்றன. விரிவுரை கம்பியில்லா வழியே வரட்டும். ஆராய்ச்சி முற்றத்தில் நடக்கட்டும். குழந்தையைத் தொடாமல் குழந்தைக் கல்வியில் டாக்டர் பட்டம் பெறுவது, நீரில் இறங்காமல் நீச்சல் கற்பது போலாகும்.

இரண்டாவது, ஏணிக்கு இடைப்படிகள் வேண்டும். மேற்கூறிய கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடி ஆசிரியைகளுக்கு ஆறு மாதச் சான்றிதழும், அதற்குக் குறைவாகப் படித்தோர்க்கு ஓராண்டுப் பட்டயமும் சொல்லி, அவற்றைக் கைபேசி வழியாகவும் நடத்தலாம் என்கிறது. அத்தோடு நின்றால் அது ஏணியன்று, ஒற்றைப் படிக்கல். கொல்லத்தில் 2020இல் தோன்றிய ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை சான்றிதழிலிருந்து பட்டத்துக்கும், பட்டத்திலிருந்து மேற்பட்டத்துக்கும் வழியமைத்து, இருபது ஆண்டுப் பணி அனுபவத்துக்கும் மதிப்பெண் தருதல் வேண்டும். கொரோனாக் காலத்தில், 2020இல், விக்டர்ஸ் தொலைக்காட்சி 'கிளிக்கொஞ்சல்' என்ற நிகழ்ச்சியால் மழலையரின் வீடுகளையே எட்டியது. மழலையை எட்டிய கருவி ஆசிரியையை எட்டாதா?

மூன்றாவது வேண்டுகோள் நமக்கு. தமிழ் மாணவர்களாகிய நாம், சாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் தோட்டங்களிலும் நம் பாட்டிமார் சொல்லும் தாலாட்டையும் விளையாட்டுப் பாட்டையும் கதையையும் திரட்டி அங்கன்வாடிகளுக்கு அளிப்போம். ஒரு விடுமுறையில் பத்துப் பேர் முனைந்தால் முடியும் பணி இது. பட்டம் பெறாமலே தொடங்கக்கூடிய ஆராய்ச்சியும் இதுவே.

தலைமை என்பது மேசைக்குப் பின்னால் இருப்பது என்று எண்ணற்க. 2025இல் கேரளச் சிறுவன் ஒருவன், அங்கன்வாடியில் உப்புமாவுக்குப் பதில் பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று கேட்டது நாடெங்கும் பரவியது. அமைச்சர் செவி சாய்த்தார். சில திங்களில் உணவுப் பட்டியலில் முட்டை பிரியாணி ஏறியது. நாம் சிரித்தோம். ஆனால் அதில் பாடம் ஒன்று இருக்கிறது. மிகச் சிறியவன் சொன்னதை மிகப் பெரிய இடம் கேட்டது. அங்ஙனம் கேட்கத் தெரிந்தவரே மழலைக் கல்விக்குத் தலைவர். அவரைக் கண்டுபிடிக்கத் தொலைவில் தேட வேண்டியதில்லை. பாயை விரித்து, பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, அவர் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறார். பல்கலைக்கழகத்தின் கதவு அவருக்காகத் திறக்கட்டும்.