ஐந்து விரல் தள்ளுபடி

ஆங்கிலத்தில் 'ஃபைவ் ஃபிங்கர் டிஸ்கவுன்ட்' என்று ஒரு சொல்வழக்கு உண்டு. ஐந்து விரல் தள்ளுபடி! ஏதோ ஆடித் தள்ளுபடி மாதிரி இருக்கிறதா? இல்லை நண்பர்களே, கடையில் காசு கொடுக்காமல் பொருளைச் சுருட்டிக்கொண்டு நழுவுவதற்கு அமெரிக்கப் பேச்சுவழக்கு வைத்த பெயர் இது. "பேனா எவ்வளவு?" என்று கேட்டால், "ஐந்து விரல் தள்ளுபடியில் கிடைத்தது" என்று கண்ணடிப்பார்கள்.

தமிழிலும் 'சுட்டுட்டான்', 'ஆட்டையைப் போட்டுட்டான்' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். ஆனால் 'அவனுக்குக் கை நீளம்' என்றால் யாரும் சிரிப்பதில்லை. செயல் ஒன்றுதான், சொல்தான் வேறு.

தள்ளுபடி என்பது விற்பவர் மனமுவந்து விட்டுக்கொடுப்பது. இங்கே அவருக்கே தெரியாது! பட்டாசுக்குப் பேர்போன வலங்கைமானில், தீபாவளிக் கூட்டத்தில் ஒரு மத்தாப்புப் பெட்டி காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் 90 ரூபாய், விற்பனை 100 ரூபாய். போன 90 ரூபாயை மீட்க இன்னும் ஒன்பது பெட்டி விற்றாக வேண்டும். அந்த ஒன்பதிலும் கடைக்காரருக்கு லாபம் பூஜ்யம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவுப்படி, திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல்முறை தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறைக்குப் பதில் சமூக சேவை. நல்ல மாற்றம்தான். தண்டனை இளகலாம், தவறில்லை. ஆனால் அங்கேயும் அதன் பெயர் திருட்டுதான், தள்ளுபடி அல்ல!