கடலடிப் பீங்கானும் கண்ணாடி அலமாரியும்

கடலூர் மாவட்டத்து மங்களூர், விருத்தாசலம் பக்கத்து ஆட்களுக்குப் பீங்கானைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. (கர்நாடகத்து மங்களூர் இல்லை, இது திட்டக்குடி பக்கத்து மங்களூர்!) களிமண் சூளைக்குள் போய் அகல் விளக்காகவும், பொம்மையாகவும், ஃபியூஸ் கேரியராகவும் வெளியே வருவது அந்த வட்டாரத்தின் பிழைப்பு. அவர்களிடம் ஒரு பழைய கிண்ணத்தைக் காட்டி, "மூழ்கிய கப்பலில் கிடைத்தது, ஏலக்காரன் ஒட்டிய சீட்டு இருக்கிறது, அதனால்தான் இந்த விலை" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள்.

ஆனால் உலகம் முழுக்க இதை வாங்கி அடுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. கேட்டால், "வரலாற்றைக் காப்பாற்றுகிறோம்" என்பார்கள். நடப்பது நேர் எதிர்!

கெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பல் சீனத்திலிருந்து தேயிலை, பீங்கான், தங்கத்தோடு கிளம்பி 1752இல் தென்சீனக் கடலில் மூழ்கியது. 1985இல் மைக்கேல் ஹேட்சர் அதைக் கண்டுபிடித்தார். 1986இல் ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டிஸ் நிறுவனம் சுமார் ஒன்றரை லட்சம் பீங்கான்களை ஏலம் விட்டது. அடுத்து, 1822இல் மூழ்கிய டெக் சிங். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களோடு போன கப்பல். அதிலிருந்து எடுத்த சுமார் மூன்றரை லட்சம் பீங்கான்கள் 2000இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஏலத்துக்கு வந்தன. சரக்கு ஊர் ஊராகச் சிதறிப் போனது. கப்பல்? அதைப் பற்றி யாருக்குக் கவலை!

"எடுக்காவிட்டால் கடல் அழித்துவிடும்" என்கிறார்கள். இருநூறு வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்தும் பளபளப்பதாகச் சொல்லி விற்பதும் இவர்களேதான். பீங்கான் மக்காது சாமி. சேற்றைக் கிளறினால் அழிவது மரம், கயிறு, எலும்பு. எந்தப் பெட்டி எந்த அறையில் இருந்தது என்ற விவரமும் அதோடு போகும்.

"ஒரே மாதிரி ஆயிரம் கிண்ணம் எதற்கு?" என்பது அடுத்த வாதம். அந்த ஆயிரம் என்ற எண்ணிக்கைதானே வணிக வரலாறு!

"ஏலம் இல்லாவிட்டால் செலவுக்குப் பணம்?" நியாயமான கேள்விதான். ஆம்ஸ்டர்டாம் ஏலத்துக்குப் போன சீன நிபுணர்கள் கையில் போதிய பணமில்லாமல் வெறுங்கையோடு திரும்பினார்கள். அதன் பிறகு சீனா கடலடித் தொல்லியலைக் கையில் எடுத்தது. 1987இல் கண்டுபிடிக்கப்பட்ட நன்ஹாய்-1 கப்பலை 2007இல் சேற்றோடு அப்படியே தூக்கி அருங்காட்சியகத்துக்குள் வைத்து, பொறுமையாகத் தோண்டினார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் ஒரே இடத்தில் இருக்கின்றன. வசதியில்லாத நாடு என்ன செய்வது? விட்டுவிடலாம். கிடக்கும் இடத்திலேயே காப்பதுதான் முதல் வழி என்கிறது யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை. விற்பனைக்காக எடுப்பதையும் அது தடுக்கிறது.

நம்மூர்ப் பக்கமே வருவோம். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டிலும், ராமநாதபுரம் பெரியபட்டினத்திலும் அகழாய்வில் சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்தன. உடைசல்தான், ஏலத்தில் ஐந்து காசு பெறாது. ஆனால் எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று தெரியும். அதனால்தான் தமிழகத்துக்கும் சீனத்துக்கும் நடந்த வணிகத்துக்கு அது சாட்சி சொல்கிறது. அலமாரியில் முழுசாக நிற்கும் தட்டு, தன் விலையைத் தவிர வேறென்ன சொல்லும்?

பீங்கான் மேல் ஆசை என்றால் விருத்தாசலத்துச் சூளையில் வெந்ததை வாங்குங்கள். ஒரு தொழிலாளி வீட்டில் அடுப்பாவது எரியும். கடலுக்கடியில் கிடப்பதற்கு விலை பேசாதீர்கள். வாங்க ஆள் இருக்கும் வரை, அடுத்த கப்பலைத் தேடிக்கொண்டே இருப்பார்கள்.