முதலில் பைனாகுலர், பிறகு துப்பாக்கி!

திண்டிவனத்துக்குக் கிழக்கே கடற்கரையில் இருக்கிறது மரக்காணம். உப்பளங்களுக்குப் பேர்போன ஊர். அதன் அருகே பரந்து கிடக்கிறது கழுவெளி. மழை நீரும் கடல் நீரும் கலக்கும் பெரிய ஏரி இது.

2021-ம் ஆண்டு டிசம்பரில் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு சுமார் 12 ஆயிரத்து 700 ஏக்கர். பனிக்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் இங்கே வந்து இறங்குகின்றன. அவற்றைத் திருட்டுத்தனமாக வேட்டையாட வருகிறவர்களும் உண்டு.

இதைத் தடுக்க என்ன செய்வது?

"காவலருக்குத் துப்பாக்கி கொடு. அதில் தொலைநோக்கிக் கண்ணாடியும் மாட்டு" என்பார்கள் சிலர்.

இது ஆபத்தான யோசனை!

அந்தக் கண்ணாடி வழியாக ஒருவனைப் பார்க்க வேண்டுமானால், துப்பாக்கியையே அவன் பக்கம் திருப்ப வேண்டும். அங்கே நிற்பவன் வேட்டைக்காரனா, வயிற்றுப்பாட்டுக்கு மீன் பிடிக்க வந்த ஏழையா? அது தெரிவதற்கு முன்பே குழல் அவன் மார்புக்கு நேராக நிற்கும். விரல் தவறினால் உயிர் போய்விடும்!

துப்பாக்கி அவசியம் என்றால், அதற்குச் சாதாரண இரும்புக் குறியே போதும். உப்புக் காற்றில் துருப்பிடித்தால் துடைத்து எண்ணெய் போடலாம். கண்ணாடி மங்கிவிட்டால் காவலர் ஏரிக்கரையில் என்ன செய்வார்?

முதலில் கொடுக்க வேண்டியது தண்ணீர் புகாத பைனாகுலர். தூரத்தில் இருந்தே ஆளை அடையாளம் காணலாம். யாருக்கும் ஆபத்து இல்லை.

பிடிபட்டவனைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால், 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை ஜெயில்!

பறவையும் பிழைக்க வேண்டும். ஏழை மனிதனும் பிழைக்க வேண்டும். அதுதான் நல்ல காவல்.